அருவியில் குளித்தால் ரத்தம் சுத்தமாகிவிடாது

சண்முகம்,

நலமா என்று கேட்டுத் தொடங்க இன்றைக்கு எனக்கு மனசில்லை. உன் கடிதம் நேற்றுத் தபாலில் வந்தது. பாப்பாவுக்கு வரும் வியாழக்கிழமை ரத்தம் ஏற்றப் போகிறார்கள், மாமாவின் குரூப்பும் அவள் குரூப்பும் ஒன்று, மாமாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், அவரை உடனே வண்டியேற்றி விடு என்று எழுதியிருந்தாய். அதுவரைக்கும் சரி. அதற்குக் கீழே ஒரு வரி. "கொடுக்கிறவர் ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். சொந்தத் தாத்தாதான், தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். கேட்டால் மாமா மனசு கஷ்டப்படும்." அதைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீயுமா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது, அதைக்கூட இறக்கி வைக்கத் தோன்றவில்லை.

உன் மாமா, என் கூடப்பிறந்த அண்ணன், இன்று காலையிலேயே வந்துவிட்டார். தலை ஈரம் சொட்டுகிறது, நெற்றி நிறைய விபூதி. வாசலில் நின்றபடியே, "ஏட்டி, எண்ணெய் தேச்சி ஐந்தருவில நின்னு நல்லா குளிச்சிட்டு வாரேன். பேத்திக்கு ரத்தம் குடுக்கப் போறேம்லா, சுத்தமா போகணும்" என்றார். இதே சொல்லை, இதே ஈரத் தலையோடு, உன் தங்கச்சிக்காக வந்து நின்றபோதும் சொன்னார். இப்போது கூடத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் மெட்ராஸ் மெயில். அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று சாமான் அடுக்கியிருக்கிற அரங்கு அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

உன் தங்கச்சி போனபோது உனக்குப் பதின்மூன்று வயசு. உன்னிடம் யாரும் எதையும் சரியாகச் சொல்லவில்லை. 'மஞ்சள் காமாலையில் போய்ட்டா, சாமி எடுத்துக்கிட்டு' என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அந்தச் சாமியின் தலையில் பழியைப் போட்டவர்கள் எல்லாரும் நம் வீட்டுக்காரர்கள்தான். உன் மகளுக்கும் கோமதி என்று அவள் பெயரையே வைத்தாய். ஆசையாக இருந்தது. ஒரு வயசு முடிவதற்குள் பிள்ளை வெளுத்துப்போய், வயிறு உப்பிப்போய், டாக்டர் உன் தங்கச்சிக்கு இருந்த அதே ரத்த நோயின் பெயரைச் சொன்னார் என்று நீ எழுதியபோது, அந்தப் பெயரைக் கேட்கவே எனக்குப் பயமாகிவிட்டது. இப்போது நீ எழுதியிருக்கிற வரி அதைவிடப் பயமாக இருக்கிறது. நோய் நம்மைக் கேட்டு வரவில்லை. இது நீயே கூப்பிடுவது.

உன் தங்கச்சி கோமதிக்கு இரண்டு வயசில் தெரிந்தது. அவள் உடம்பில் ஊறுகிற ரத்தம் நிற்காது, உள்ளுக்குள்ளேயே அழிந்துவிடும், வெளியிலிருந்து ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஆயுசு முழுக்க என்று தென்காசி நர்ஸிங் ஹோம் டாக்டரம்மா சொன்னார். ரத்தம் ஏற்றின மறுநாள் அவளைப் பார்க்க வேண்டுமே! முந்தின நாள் வரைக்கும் வெளுத்துச் சுருண்டு கிடந்தவள், பாவூர்சத்திரம் கமிஷன் கடையில் உன் அப்பாவின் வெங்காய மூட்டை மேலே ஏறி நின்றுகொண்டு லோடுமேன்களை அதட்டுவாள். "ஏலே, பாத்து இறக்கு!" எல்லாரும் சிரிப்பார்கள். உனக்கு அவள்மேல் பொறாமை. அவளுக்கு மட்டும் ஆப்பிள், அவளுக்கு மட்டும் ஹார்லிக்ஸ் என்று என்னிடம் சண்டை போடுவாய். நான் ஒரு தடவை உன் முதுகில் ஓங்கி வைத்தேன். அந்த அடி உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை.

முதலில் அவளுக்கு ரத்தம் கொடுத்தவர் சுடலைமுத்து. நம் கடையில் மூட்டை தூக்கினவர், உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு சந்தையைச் சுற்றி வருவாரே, அவர்தான். குரூப் சரியாக இருந்தது. ஆனால் வெளி ஆள் என்றால் பரிசோதிக்காமல் ஏற்றமாட்டேன் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். காமாலைக் கிருமி இருக்கிறதா, மேகநோய் இருக்கிறதா என்று மதுரையில் பார்க்க வேண்டும். காய்கறி லாரியிலேயே அவரை அனுப்பி வைத்தோம். கோபித்துக்கொள்வாரோ என்று எனக்கு ஒரு சங்கடம். திரும்பி வந்தவரிடம் கேட்டேன். "இதுல கோவிக்க என்னக்கா இருக்கு? ஊசி போட்டு எடுத்தாம், அஞ்சு நிமிசம். அப்புறம் மதுரய சுத்திப் பாத்துட்டு வந்துட்டேன்" என்று சிரித்தார். ஒரு குறையும் இல்லை என்று முடிவு வந்தது. அவர் ரத்தம் ஏறியது. பிள்ளை நன்றாக இருந்தாள்.

அதற்குப் பிறகுதான் நம் வீட்டுக்காரர்களுக்கு ரோஷம் வந்தது. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து உன் மாமா புறப்பட்டு வந்தார், அவரோடு என் சித்தப்பா மக்கள் இரண்டு பேர். "நாங்க இத்தன பேரு உசுரோட இருக்கயில, நம்ம வீட்டுப் பிள்ள ஒடம்புல மூட்ட தூக்குதவன் ரத்தமா? ஊருல கேக்குதானுவ, மொகத்த எங்கன வச்சிக்கிட?" என்று உன் அப்பாவிடம் குதித்தார். உன் அப்பாவுக்கு மச்சான் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். ரத்தம் கொடுக்கிற நாள் நம் வீட்டில் விசேஷ நாள் மாதிரி. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து ஐந்தருவியில் குளியல். அங்கிருந்து நேரே நர்ஸிங் ஹோம். கொடுத்து முடித்ததும் இங்கே தலைவாழை இலை, ஆட்டு ஈரல் வறுவல், அவித்த முட்டை. நானும் விழுந்து விழுந்து பரிமாறினேன். பிள்ளை துள்ளி விளையாடினால், "பாத்தியா, ஓடுதது என் ரத்தம்லா" என்று ஒருவர், "போடே, போன மாசம் குடுத்தது நானு" என்று இன்னொருவர். அந்நியன் ரத்தத்துக்குச் சோதனை, சொந்தக்காரன் ரத்தத்துக்குச் சாப்பாடு. இதுதான் நம் வீட்டு நியாயமாக இருந்தது.

உன் மாமாவுக்குக் காமாலை வந்தது ஊருக்கே தெரியும். எனக்குக் கல்யாணமான புதிதில் வந்தது. கண், நகம், சிறுநீர் எல்லாம் மஞ்சள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தார், உப்பில்லாப் பத்தியம் இருந்தார், எழுந்து நடக்க ஆரம்பித்ததும் ஒரு சாரல் காலம் முழுக்க அருவியில் குளித்தார். "உள்ள இருந்த அழுக்கெல்லாம் அருவித் தண்ணி அடிச்சிட்டுப் போயிட்டு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். எல்லாரும் நம்பினோம். எண்ணெயும் அருவியும் தோலைத்தான் கழுவும் என்று டாக்டரம்மாதான் எனக்குச் சொன்னார். காமாலை வந்து போனவர் பார்க்கத் தேக்கு மரம் மாதிரி இருப்பார், ஆனால் சிலர் ரத்தத்தில் மட்டும் அந்தக் கிருமி வருஷக்கணக்கில் தங்கிவிடும், அவருக்கு ஒன்றும் செய்யாது, ரத்தத்தை வாங்குகிற பிள்ளைக்குச் செய்யும் என்று பொறுமையாக விளக்கினார். மாதாமாதம் ஏற்றிக்கொள்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு பாட்டிலும் ஒரு ஆபத்து, அதனால் சொந்தமோ அந்நியமோ எல்லாரையும் சோதிப்பதுதான் சரி என்றார்.

அதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருக்கவில்லை, சண்முகம். மாமா ரத்தம் கொடுக்க வந்த அடுத்த முறை நர்ஸிங் ஹோம் வராந்தாவில் வைத்தே கேட்டேன். "ண்ணே, ஒனக்கு ஒரு தடவ காமாலை வந்துச்சுல்லா. சுடலைமுத்து போன மாரி ஒரு எட்டு மதுரைக்குப் போயிட்டு வந்துரேன். அப்புறம் குடுக்கலாம்." அவ்வளவுதான் கேட்டேன். அவர் முகம் கறுத்துப்போனது. தோளில் கிடந்த துண்டை உதறினார். "ஏட்டி, என் ரத்தத்தையா சந்தேகப்படுத? ஒன்னத் தூக்கி வளத்தவம்லா நானு! சுடலைமுத்துவும் நானும் ஒனக்கு ஒண்ணாட்டி?" என்று கத்தினார். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "வாய மூடுதியா கொஞ்சம்? ரத்தம் குடுக்க வந்த மனுசன அவமானப்படுத்துத. நாளைக்கு ஒரு பய நம்ம வாசப்படி மிதிக்க மாட்டான்." டாக்டரம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "உங்க குடும்ப விஷயம், பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்று உள்ளே போய்விட்டார். அவர் மட்டும் அன்றைக்கு ஒரு அடி முன்னால் வந்து நின்றிருந்தால்! படித்தவர்களும் மச்சான் மாமன் சண்டைக்குப் பயந்துதான் இருக்கிறார்கள்.

கோமதி உள்ளே கட்டிலில் உதடு வெளுத்துக் கிடந்தாள். முந்தின மாதம் முறைக்காரர் வராததால் சுடலைமுத்துதான் கொடுத்திருந்தார், அதற்குள் அவரிடம் மறுபடி எடுக்கக் கூடாது. எனக்கு அன்றைக்கு ரத்தம் வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவர் பெரிய மனசு பண்ணி மன்னித்ததைப் போல உள்ளே போய்ப் படுத்துக் கையை நீட்டினார்.

உன் அப்பாவிடம் நான் இன்றைக்கும் ஒன்று கேட்க நினைக்கிறேன், கேட்டதில்லை. அவர் கடைக்கு உன் மாமா தோட்டத்துத் தக்காளி வரும். மச்சான் தோட்டத்துக் கூடை என்று சும்மா எடுத்துக்கொள்வாரா? கூடையைக் கவிழ்த்துக் கொட்டி, அடியில் அழுகல் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏலம் போடுவார். மாமாவும் பக்கத்திலேயே நின்று பீடி குடித்துக்கொண்டிருப்பார், ஒரு நாளும் கோபித்ததில்லை. தொழில் என்றால் அப்படித்தான் என்பார். தக்காளிக்கு இல்லாத மானம் ரத்தத்துக்கு எங்கிருந்து வந்தது? சாம்பாரில் போடுகிற காய்க்குக் காட்டின அக்கறையை என் பிள்ளைக்குக் காட்டவில்லையே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிகிறது.

அந்த வருஷம் சாரல் நன்றாக இருந்தது. குற்றாலத்தில் கடை போட்டிருந்தவர்களிடம் மங்குஸ்தான் வாங்கி வந்தேன். கோமதிக்கு அதென்றால் உயிர். சட்டையெல்லாம் கறையாக்கிக்கொண்டு தின்பாள். அன்றைக்கு ஒரு சுளையை வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள். சோறு வேண்டாம், பால் வேண்டாம், வயிறு குமட்டுகிறது என்றாள். ரத்தம் ஏற்ற வேண்டிய நாள் நெருங்கிவிட்டது, அந்தச் சோர்வு என்று நினைத்தேன். நீதான் முதலில் பார்த்தாய். பள்ளிக்கூடம் போகிறபோது வாசலிலிருந்து ஓடி வந்து, "எம்மா, கோமதி கண்ணு மஞ்சளா இருக்கு, வந்து பாரு" என்றாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் அவள் கண்ணை இழுத்துப் பார்த்தேன். பார்த்த உடனேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

செய்தி கேட்டு உன் மாமா பதறியடித்து ஓடி வந்தார். கையில் என்ன தெரியுமா? வரப்பில் பிடுங்கின கீழாநெல்லி, கட்டுக்கட்டாக. அவரே அம்மியில் உட்கார்ந்து அரைத்தார். "ஒண்ணும் ஆவாது மக்கா, மாமனுக்கு வந்து போகலையா, ஒனக்கும் போயிரும்" என்று சங்கில் ஊற்றினார். அவள் குடித்ததையெல்லாம் கக்கினாள். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். ஈரல் கெட்டுப்போய்விட்டது, ஏற்கெனவே இவ்வளவு ரத்தம் ஏறின உடம்பு தாங்காது என்று அங்கே சொன்னார்கள். அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. கடைசியில் அவளுக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை. அதை இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

உன் மாமா சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதார். பொய் அழுகை இல்லை, நெற்றி உடைந்து ரத்தம் வந்தது. காரியமெல்லாம் முடிந்தபிறகு டாக்டரம்மா ஆள் விட்டுச் சொன்னார்: ரத்தம் கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள், உங்கள் மற்றப் பிள்ளைகளுக்கும் அது நல்லது. ஒருவரும் போகவில்லை. "செத்தவ திரும்பி வரவா போறா? யாரு தலயிலயாவது பழி போடலாம்னு பாக்குதாவளா?" என்றார் உன் மாமா. அதனால் யார் ரத்தத்தில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உன் மாமாதான் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. இல்லை என்றும் பண்ண முடியாது. அந்தக் காலத்தில் எல்லாக் கிருமிக்கும் சோதனை கிடையாது, சோதித்திருந்தாலும் தப்பியிருப்பாள் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டரம்மாவே பின்னால் சொன்னார். ஆனால் இருந்த ஒரு சோதனையை நாம் வேண்டாம் என்றோம். அதுதான் என்னை இத்தனை வருஷமாகத் தின்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் சீர் கொண்டுவந்து வாசலில் நிற்கிறபோது, சிரித்துக்கொண்டே செம்பில் தண்ணீர் நீட்டுகிறேன். நீட்டுகிற கை என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

உன் கல்யாணப் பேச்சு வந்தபோதும் நான் சொன்னேன். உலகம்மாள் தங்கமான பெண், அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நானும் உன் அப்பாவும் அத்தை மகன் மாமன் மகள், நீயும் மாமன் மகளையே கட்டினால் இந்த நோய் மறுபடி வரலாம், இரண்டு பேரும் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா எச்சரித்ததைச் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "மாமா மனசு கஷ்டப்படும்மா." இப்போதும் அதையே எழுதியிருக்கிறாய். மாமா மனசு, மாமா மனசு! அந்த மனசைக் காப்பாற்ற இந்த வீட்டில் ஒரு பிள்ளையைக் கொடுத்தாயிற்று. இன்னும் எத்தனை வேண்டுமாம்?

அவருக்குப் பாசம் இல்லை என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. கேட்டால் உயிரையே கொடுப்பார். நான் சோதிக்கச் சொல்வது பாசத்தை இல்லை, ரத்தத்தை. அது அவருக்குப் புரியாவிட்டால் போகட்டும், அவர் மண்ணில் உழுதுகொண்டு இருந்தவர். நீ மெட்ராஸில் ஆபீஸ் வேலை பார்க்கிறவன். பேப்பர் படிக்கிறவன். ரத்தத்தின் வழியாகப் புதிதாக ஏதோ நோய் வருகிறது என்று நம் ஊர் டீக்கடையிலேயே பேப்பரை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், உனக்குத் தெரியாதா? நீ போய் நின்று, சோதனையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறாயே, உனக்கு எங்கே போயிற்று புத்தி?

வியாழக்கிழமைக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போ. அன்றைக்குச் சொன்னது தப்பு, எல்லாரையும் சோதியுங்கள் என்று சொல். மாமாவை மட்டும் இல்லை, நீ கொடுத்தாலும் முதலில் உன்னைச் சோதிக்கட்டும், கூச்சப்படாதே. ஒரு தடவை சரி என்று வந்துவிட்டது என்று அடுத்த தடவை விட்டுவிடாதே. இந்தப் பிள்ளைக்கு இது ஒரு நாள் காரியம் இல்லை, ஒவ்வொரு பாட்டிலுக்கும் நீ வாசலில் நின்று கேட்க வேண்டும், அவர்கள் எரிந்து விழுந்தாலும் கேட்க வேண்டும். பாப்பாவின் ரத்தத்தையும் இடையிடையே பார்க்கச் சொல். காமாலை வராமல் தடுக்க இப்போது ஊசி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன், அவளுக்குப் போட முடியுமா என்று விசாரி. உலகம்மாளிடம் எதையும் மறைக்காதே. அப்பாவைப் பற்றி என்பதால் அவளுக்கு வலிக்கும், ஆனால் பிள்ளை என்று வந்தால் அவள் உன்னைவிடத் தெளிவாக இருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் வராந்தாவில் தனியாக நின்றேன். அவளை அப்படித் தனியாக நிற்க விட்டுவிடாதே.

கூடத்திலிருந்து மாமா கூப்பிடுகிறார். "ஏட்டி, காலையில இருந்து என்னத்தத்தான் எழுதுத? வண்டிக்கு நேரமாச்சி, குடு, கையோட கொண்டுபோயி அவன்கிட்ட குடுத்துருதேன்." ஆமாம், இந்தக் கடிதத்தை அவரிடம்தான் கொடுத்து அனுப்பப் போகிறேன். தபாலில் போட்டால் வியாழக்கிழமைக்குள் வந்து சேராது. பசை பக்கத்திலேயே இருக்கிறது. உறையை நான் ஒட்டப் போவதில்லை. "ண்ணே, வழியில படிச்சுப் பாரு, ஒனக்கும் சேத்துத்தான் எழுதியிருக்கேன்" என்று சொல்லித்தான் கையில் கொடுக்கப் போகிறேன். அன்றைக்கு வராந்தாவில் விழுங்கினதையெல்லாம் அவர் மதுரை தாண்டுவதற்குள் படித்துவிடுவார்.

படித்துவிட்டு வந்தால், உன் வாசலில் நின்று, முதலில் என்னைச் சோதிக்கச் சொல்லுலே என்று அவரே கையை நீட்டுவார். கோபம் வந்தால் பாதி வழியில் இறங்கி ஊர் திரும்புவார். அப்படித் திரும்பினால் நீ எழும்பூரில் போய் அவருக்காகக் காத்து நிற்காதே, யாராவது ஒரு மூட்டை தூக்குகிறவரைத் தேடிப் போ. இரண்டில் எது நடந்தாலும் உன் கோமதிக்கு நல்லதுதான்.

அம்மா